தலைப்போடு நின்ற தாள்

கண்டல்குப்பத்துக்கான தாளில் ஆட்களைத் தவிர எல்லாம் இருந்தது. மேலே ஊர்ப் பெயர். அதன் கீழே வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது என்று தலைப்புகள். அதற்குக் கீழே வெறும் வெள்ளை. அடியில் மட்டும் மொத்தம் பூஜ்யம் என்று ஒரு வரி.

அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அர்ஜுனன் பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு வந்திருந்தான். கம்ப்யூட்டர் மையத்தின் காவலாளி அவனை உள்ளே விடவில்லை. தனசேகர்தான் வெளியே வந்தான்.

தனசேகர் அந்த மையத்தில் புரோகிராமர். அர்ஜுனனின் அக்கா லோகநாயகியைக் கட்டியவன். லோகநாயகி போன வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். காரியம் முடிந்து திரும்பியவன் அதற்குப் பிறகு மாமியார் ஊர்ப் பக்கம் தலை வைக்கவில்லை. வேலைக்கு வருவான், போவான். அவ்வளவுதான்.

"இன்னா மாமா, எப்டி கீறீங்க?"

"இருக்கேன். சாப்பிட்டியா?"

"சாப்பாடு கெடக்கட்டும். இத்தப் பாருங்க." அர்ஜுனன் தாளை விரித்தான். "மேட்டுக்குப்பத்துக்கு ரெண்டு தாளு. உப்பளக்குப்பத்துக்கு ஒண்ணரைத் தாளு. நமக்கு மட்டும் மொட்டை."

தனசேகர் தாளை வாங்கிப் பார்த்தான். அவன் எழுதிய புரோகிராம் அச்சடித்த தாள்தான். போன புயலில் வலை இழந்த மீனவர்களுக்கு அரசாங்கம் நைலான் வலையும், நாலு குடும்பத்துக்கு ஒரு படகும் தருகிறது. யார் யாருக்கு என்று பொறுக்கித் தருவது இந்த மையத்தின் வேலை. இறால் காலம் தொடங்கப்போகிறது. இந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவன் இந்த வருஷம் கரையில் உட்கார்ந்து மற்றவன் அள்ளுவதைப் பார்க்க வேண்டியதுதான்.

"ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா மாமா?" அர்ஜுனன் குரலைத் தாழ்த்தினான். "பொண்ணு போனதும் மாப்ள ஊரையே பட்டியல்லருந்து அடிச்சிட்டாருன்னு. அம்மா யார்கூடவும் பேசறதில்ல. சண்டதான் போடுது."

தனசேகருக்குக் கோபம் வரவில்லை. ஒரு வருஷமாக அவனுக்கு எதுவும் வருவதில்லை. ஆனால் தப்பான தாள் ஒன்று தன் கையிலிருந்து போயிருக்கிறது என்பது மட்டும் முள் மாதிரி குத்தியது.

"உக்காரு. பாத்துட்டு வரேன்" என்றான்.

உள்ளே இயந்திரத்தை ஓட்டுகிறவன் மக்பூல். அவனுக்கும் பழவேற்காடுதான். வாய் ஓயாத ஆள்.

"நம்மூருக்கே நாமமா சார்? அட்டை ஏதாச்சும் தொலஞ்சு போச்சா பாருங்க."

அட்டை தொலைந்திருக்கலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அட்டை. படிவத்தில் இருப்பதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். கம்ப்யூட்டர் அந்தத் துளைகளைப் படித்து, நிபந்தனைக்குப் பொருந்துகிறவர்களை மட்டும் தாளில் அச்சடிக்கும். கண்டல்குப்பத்து அட்டைக் கட்டை மக்பூல் எடுத்து வந்தான். கெட்டியான கட்டு. குறைவு ஒன்றும் இல்லை.

"எந்த நிபந்தனையும் போடாம அடிச்சுப் பாப்போம்" என்றான் தனசேகர்.

அடித்தார்கள். ஊர் முழுக்க வந்தது. அப்படியானால் ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள். நடுவில் எதுவோ அவர்களைத் தடுக்கிறது.

தடுக்கக்கூடியவை நாலு நிபந்தனைகள். வயது, வருமானம், சொந்தப் படகு இல்லாமை, கடைசியாக ஒன்று: நேற்றோ இன்றோ மீன் பிடிக்கச் சென்றாரா. உண்மையில் தொழில் செய்கிறவனை மட்டும் பொறுக்குவதற்காகப் போட்டது அந்தக் கடைசிக் கேள்வி. தனசேகர் நாலையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தான். வயதைச் சேர்த்தான், இரண்டு கிழவர்கள் கழிந்தார்கள். வருமானத்தைச் சேர்த்தான், யாரும் கழியவில்லை. படகைச் சேர்த்தான், ஒருத்தர் போனார். நாலாவதைச் சேர்த்தான்.

தலைப்பு வந்தது. வெள்ளை வந்தது. பூஜ்யம் வந்தது.

"மாட்டினான் சார் திருடன்" என்றான் மக்பூல்.

அந்தக் கட்டத்தில் எல்லா அட்டையிலும் இரண்டு என்று துளை இருந்தது. இரண்டு என்றால் இல்லை. துளை போட்டவர்கள் தவறியிருப்பார்களோ என்று படிவங்களை வரவழைத்துப் பார்த்தான். படிவங்களிலும் 'இல்லை' என்றே எழுதியிருந்தது. கீழே ரேகை. கணக்கெடுக்க வந்தவர் கேட்காமலே எழுதிவிட்டாரோ என்று பக்கத்து ஊர்ப் படிவங்களை எடுத்தான். அதே கையெழுத்து, அதே தேதி. மேட்டுக்குப்பத்தில் 'ஆம்'. உப்பளக்குப்பத்தில் 'ஆம்'. கண்டல்குப்பத்தில் மட்டும் ஒருத்தர் பாக்கியில்லாமல் 'இல்லை'.

மக்பூல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான். "இன்னிக்கு உக்காந்தா எல்லா ரெண்டையும் ஒண்ணு ஆக்கிடலாம் சார். புது அட்டை நான் தரேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"எதனால ரெண்டு வந்துச்சுன்னு தெரியாம ஒண்ணு போட்டா அது இன்னொரு தப்பு" என்றான் தனசேகர்.

திட்ட அதிகாரி இந்திராணி அம்மாளிடம் போனான். அந்த அம்மாள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவங்களே இல்லைன்னு சொல்லி ரேகை வச்சிருக்காங்க தனசேகர். அது உங்க மனைவி ஊருன்னு எனக்குத் தெரியும். அதனாலயே நான் ரெண்டு மடங்கு யோசிக்கணும்."

"தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சா நிபந்தனையை மாத்தலாமா மேடம்?"

"காரணம் சரியா இருந்தா மாத்தலாம். அட்டையில மட்டும் கை வைக்கக் கூடாது. திங்கட்கிழமை சாயங்காலம் பட்டியல் கலெக்டர் ஆபீசுக்குப் போகுது. அதுக்கப்புறம் நீங்க என்ன கண்டுபிடிச்சாலும் பிரயோசனம் இல்லை."

மறுநாள் சனிக்கிழமை. தனசேகர் அர்ஜுனனோடு ரயிலேறினான். பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து, ஏரியில் படகேறி கண்டல்குப்பம் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருந்தது. படகில் இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். ஒருத்தரும் வாங்க என்று சொல்லவில்லை.

கோவிந்தம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மருமகனைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"வாங்க மாப்ள. வழி மறந்துபோயிருக்கும்னு நெனச்சேன்."

"மறக்கலை அத்தை."

"தாளு மட்டும் கரெக்டா வந்துச்சு, மேல ஊர்ப் பேரு போட்டு. அந்தப் பேரையும் அடிச்சிருந்தீங்கன்னா காயிதமாச்சும் மிச்சம் ஆயிருக்கும்."

அர்ஜுனன் "அம்மா" என்று அதட்டினான். தனசேகர் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாடகைப் படகுகள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் சீட்டு விளையாடினார்கள். காற்று நன்றாக இருந்தது. நல்ல நாளில் ஓர் ஊரே கரையில் இருக்கிறது. தனசேகர் காசிமேட்டுப் பிள்ளை. அவன் அப்பா புயல் கொடி ஏறாத நாளெல்லாம் கடலுக்குப் போனவர்.

"ஏன் யாரும் போகலை?"

"எங்க போறது?" என்றாள் கோவிந்தம்மா. "இன்னிக்கு மேட்டுக்குப்பத்து பாடு."

"பாடுன்னா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணம் பண்ணிக்கினு போனப்ப இத்தக்கூட அவ சொல்லலயா? ஏரி கடல்ல சேர்ற வாய் கீது பாருங்க, அங்கதான் எறா. மூணு ஊரும் ஒரே நாள் எறங்கினா கொலதான் வுழும். அதனால மொற. ஒரு நாளு உப்பளக்குப்பம், மறுநாளு மேட்டுக்குப்பம், அதுக்கு மறுநாளு நாம. இன்னிக்கு அவங்கது. நாளிக்கு நம்மளுது."

"நேத்து?"

"நேத்து உப்பளக்குப்பம். எத்தினி தபா சொல்றது?"

தனசேகர் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தை, ஜீப்ல ஒருத்தர் கணக்கெடுக்க வந்தாரே. அன்னைக்கு யார் பாடு?"

"மேட்டுக்குப்பத்து பாடு" என்று அர்ஜுனன் உடனே சொன்னான். "எனக்கு நல்லா ஞாபகம் கீது. அந்தாளு போறப்ப அவங்க ஒரு கூடை எறா குடுத்து அனுப்புனாங்க. நம்மகிட்ட குடுக்க இன்னா இருந்துச்சு?"

"நேத்தோ இன்னைக்கோ மீன் பிடிக்கப் போனியான்னு கேட்டாரா?"

"கேட்டாரு. இல்லன்னோம். நாளிக்குப் போவோம் சார், நாளிக்கு எங்க பாடுன்னும் சொன்னோம். நாளிக்குன்னுலாம் இதுல கட்டம் இல்லன்னுட்டாரு."

"சும்மா ஆமான்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். கோவிந்தம்மா மோவாயில் கை வைத்தாள்.

"நல்லா சொன்னீங்க. மூணு ஊரையும் ஒண்ணா நிக்க வச்சுதான் கேட்டாரு. மேட்டுக்குப்பத்து ஆளுங்க எதிர்ல நின்னுக்கினு இன்னிக்கு நான் மீன் புடிச்சேன்னு சொன்னா இன்னா அர்த்தம்? அவன் பாட்டுல நான் திருடினேன்னு அர்த்தம். பஞ்சாயத்துல தெண்டம் கட்டணும். அதோட பாடும் போவும்."

தனசேகர் சிரித்தான். முதலில் வாய்க்குள், பிறகு தோள் குலுங்க. கோவிந்தம்மா பயந்துபோய் மகனைப் பார்த்தாள். தனசேகர் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"ஒண்ணும் இல்ல அத்தை. தப்பு கெடச்சிடுச்சு."

அட்டையில் தப்பில்லை. துளையில் தப்பில்லை. படிவத்திலும் தப்பில்லை, ஊரே ஒருமுகமாக உண்மையைச் சொல்லியிருக்கிறது. மீன் பிடிக்கிறவன் தினமும் போவான் என்று சென்னையில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து நினைத்தார்கள். பாடு இல்லாத நாளில் போகாமல் இருப்பதுதான் இங்கே தொழில். நேற்றோ இன்றோ என்று இரண்டு நாளைக் கேட்டதால் இரண்டு ஊர் உள்ளே வந்தது; மூன்றாவது ஊர் முழுசாக வெளியே நின்றது.

காரணம் கிடைத்தது. ஆனால் அதை மாமியார் ஊர்க்காரன் போய்ச் சொன்னால் எடுபடுமா? ஆதாயம் இல்லாத ஒருத்தர் சொல்ல வேண்டும்.

"மேட்டுக்குப்பத்துத் தலைவர் யாரு?"

"சின்னதம்பி" என்றான் அர்ஜுனன். "அவரா? நாம பட்டியல்ல இல்லன்னா அவங்களுக்குத்தான் வலை கூட. வந்த மாதிரிதான்."

ஞாயிற்றுக்கிழமை கண்டல்குப்பத்துப் பாடு. கிழிசல் வலையோடு ஆண்கள் எல்லாரும் ஏரி வாய்க்குப் போய்விட்டார்கள். பாடு உள்ள நாளில் அர்ஜுனனாலும் வர முடியாது. கோவிந்தம்மாதான் மருமகனை மேட்டுக்குப்பத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே அன்றைக்கு அவர்கள் எல்லாரும் கரையில் இருந்தார்கள்.

சின்னதம்பி பூவரச மரத்தடியில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா கோவிந்தம்மா, எங்க கரையில? வலை கடன் கேக்க வந்தியா?"

"உன் வலையில மீனு நுழையுற ஓட்டையவிட மீனு ஓடுற ஓட்டை பெரிசு. அத்த எவன் கேப்பான்? எங்க மாப்ள உன்னாண்ட பேசணும்னாரு."

தனசேகர் எதையும் மறைக்கவில்லை. நடந்ததைச் சொன்னான். நாளைக்குச் சென்னைக்கு வந்து, கணக்கெடுத்த அன்றைக்கு யார் பாடு என்று அதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்றான்.

"வந்தா எங்களுக்கு இன்னா?"

"உங்களுக்கு வலை குறையலாம்."

சின்னதம்பி கயிற்றைக் கீழே வைத்தார். "இன்னாப்பா இது, கூப்பிடற ஆளு இப்டியா கூப்பிடுவான்? சரி, வரலன்னா?"

"கண்டல்குப்பத்தான் மீன்காரனே இல்லைன்னு சர்க்கார் காகிதத்துல ஏறிடும்."

சின்னதம்பி ஏரிப் பக்கம் திரும்பினார். அங்கே கண்டல்குப்பத்து வலைக் கம்புகள் வரிசையாக நின்றன.

"எங்க நைனா காலத்துலருந்து மூணு ஊரு. மூணு ஊருன்னு இருக்கறதாலதான் வெளியாளு எவனும் உள்ள வரல. ஒரு ஊரு மீன்காரன் இல்லன்னு காயிதம் சொல்லிச்சுன்னா, அந்தப் பாடு எனக்குக் குடுன்னு நாளிக்கு எவனாச்சும் லாரி வச்சிக்கினு வருவான்." நிறுத்தினார். "அதுவும் இல்லாம, அந்த ஜீப்பு அடுத்த தபா எனக்குப் பாடு இல்லாத ரெண்டு நாள் பாத்து வந்தா, மொட்டைத் தாளு எனக்குல்ல வரும்?"

"வரும்" என்றான் தனசேகர்.

"காலையில எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

திங்கட்கிழமை இந்திராணி அம்மாளின் அறையில் சின்னதம்பி, அர்ஜுனன், கோவிந்தம்மா மூவரும் நின்றார்கள். நாற்காலி போட்டும் சின்னதம்பி உட்காரவில்லை.

"கணக்கெடுத்த அன்னைக்குக் கண்டல்குப்பத்துக்காரங்க மீன் பிடிக்கப் போனாங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"போவானா!" சின்னதம்பிக்கு மீசை துடித்தது. "அது எங்க பாடும்மா. எங்க பாட்டுல எவனாச்சும் காலு வச்சிருந்தா கம்பைப் புடுங்கி எறிஞ்சிருப்போம்."

இந்திராணி அம்மாள் தனசேகரைப் பார்த்தார். "நீங்க கூட்டிட்டு வந்த சாட்சியே போகலைன்னு சொல்றாரே."

"மறுநாள் யார் போனாங்கன்னு கேளுங்க மேடம்."

"மறுநாளு அவங்கதாம்மா. அன்னிக்கு நாங்க எறங்கியிருந்தா எங்க கம்பை அவங்க புடுங்கியிருப்பாங்க. இந்தம்மாவே வந்து புடுங்கும்."

"புடுங்குவேன்" என்றாள் கோவிந்தம்மா.

"அப்ப இவங்க மீனவங்கதானா?"

"இன்னாம்மா இப்டி கேக்கறீங்க? மீன்காரன் இல்லாதவன்கூட நாங்க எதுக்கு மொற வச்சிக்கினு சண்ட போடப்போறோம்?"

இந்திராணி அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அவங்க பேர் வராம இருந்தா உங்க ஊருக்கு லாபம். ஏன் வந்தீங்க?"

"இன்னிக்கு அவன் தாளு மொட்டை, நாளிக்கு என் தாளும்மா" என்றார் சின்னதம்பி.

தனசேகர் அப்போது இன்னும் சில தாள்களை மேஜைமேல் வைத்தான். அன்று காலை மக்பூலிடம், மாவட்டம் முழுவதற்குமான தாள்களில் மொத்தம் பூஜ்யம் என்று முடிந்தவற்றைப் பொறுக்கச் சொல்லியிருந்தான். எல்லாமே ஏரியோர ஊர்கள். எல்லாவற்றிலும் தலைப்பு, வெள்ளை, பூஜ்யம்.

"இவங்கள்ல ஒருத்தரும் நம்மகிட்ட வந்து கேட்கலை மேடம். இந்த ஊர்ங்க பேரைச் சொன்னேன். எல்லாமே பாடு வச்சிருக்கிற ஊருன்னு சின்னதம்பி சொல்றார்."

அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"நாலாவது நிபந்தனைக்குப் பதிலா?"

"தொழில் என்னன்னு தனிக் கட்டம் இருக்கு. மீனவருக்கு ஓர் எண், வியாபாரிக்கு வேற எண். அதை வச்சுப் பொறுக்கலாம். ஒரு அட்டையையும் தொட வேண்டாம். கேள்வியை மட்டும் மாத்தினா போதும்."

இந்திராணி அம்மாள் பேனாவைத் திறந்தார். "எல்லா ஊருக்கும் சேர்த்து மாத்துங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும்."

தனசேகர் நடக்கவில்லை, ஓடினான். புரோகிராமும் அட்டைகளில்தான் இருந்தது; அதில் நாலாவது நிபந்தனை இருந்த ஒரே ஓர் அட்டையை உருவிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினான். மக்பூல் பிஸ்மில்லா சொல்லிப் பொத்தானை அழுத்தினான். அட்டைகள் சடசடவென்று உள்ளே இறங்கின. பிரிண்டர் தலைப்பை அடித்தது. ஒரு கணம் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோவிந்தம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அடித்தது. வரிமேல் வரியாக, காது அடைக்கும்படி அடித்தது. முதல் தாள் நிறைந்து இரண்டாவதற்குப் போனது. இரண்டாவது நிறைந்து மூன்றாவது தொடங்கியது.

"வருது சார்! ஊரே வருது!" மக்பூல் இயந்திரத்தின் முதுகில் தட்டினான், மாட்டைத் தட்டுவதுபோல.

மேட்டுக்குப்பத்துத் தாளும் நீண்டிருந்தது. கணக்கெடுத்த நாளில் காய்ச்சலாகப் படுத்திருந்தவர்கள், கல்யாணத்துக்குப் போயிருந்தவர்கள் எல்லாரும் இப்போது உள்ளே வந்திருந்தார்கள். தனசேகர் பெயர்களைப் படித்துக் காட்டினான். சின்னதம்பி ஒரு பெயரில் கையை உயர்த்தினார்.

"இவனா? ஊர்ப்பட்ட ஏமாத்துக்காரன்." யோசித்தார். "ஆனா மீன்காரன்தான். எழுதிக்கோங்க."

"எழுதியாச்சுண்ணே. அதுவே எழுதிடுச்சு" என்றான் மக்பூல்.

பட்டியல் மூன்று மணிக்குள் இந்திராணி அம்மாளின் கையெழுத்தோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனது. ஊருக்கென்று ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மறுநாளைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தனசேகரும் அவர்களோடு கிளம்பினான்.

கடைசிப் படகில் ஏரியைக் கடக்கும்போது வெளிச்சம் இன்னும் மீதி இருந்தது. கண்டல்குப்பத்துக் கரையில் ஆட்கள் நின்றார்கள். படகு தரை தட்டும்வரை அர்ஜுனனால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று தாளை விரித்தான். மடிப்பு மடிப்பாகச் சேர்ந்த தாள். விரிக்க விரிக்க நீண்டது. இங்கிலீஷ் எழுத்து அவனுக்குத் தெரியாது. தனசேகர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொன்னான். அர்ஜுனன் அதைத் தண்ணீரின்மேல் கத்தினான்.

"பவுனம்மாள்!"

"கீறேன்!" என்று கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அடுத்த பெயர். அடுத்த குரல். மேட்டுக்குப்பத்தில் இறங்காமல் கூடவே வந்த சின்னதம்பியும் படகில் உட்கார்ந்து, மெல்லக் கத்தியவர்களை இன்னும் சத்தமாகச் சொல்லச் சொல்லி அதட்டினார். தாளின் நுனி நனையாமல் கோவிந்தம்மா மடியில் வாங்கி வாங்கி அடுக்கினாள்.

"எத்தினி பேரு மாப்ள?" என்று கேட்டாள்.

"வர வேண்டிய அத்தனை பேரும் அத்தை" என்று சொல்லிவிட்டு, தனசேகர் அடுத்த பெயரைத் தானே உரக்கக் கூவினான்.